கேட் மூடினால் வாய் திறப்பாள்

சத்தியம். இருக்கன்குடி மாரியாத்தா மேல் சத்தியம், என் கடை எண்ணெய்ச் சட்டி மேல் சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் நாளைக்கு நான் போடுகிற காராச்சேவு அத்தனையும் நமுத்துப்போய் மாட்டுக்குக் கூட ஆகாமல் போகட்டும். சத்தமாகத்தான் சொல்கிறேன், ரோட்டில் போகிறவர்களும் கேட்கட்டும். நான் இதுவரைக்கும் சொன்னதில் முக்கால்வாசி புளுகு என்பது ஊருக்கே தெரியும்; வெள்ளரிக்காய்க்குள் ஒரு போலீஸ்காரர் மூன்று நாள் ஒளிந்திருந்த கதையை நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை, அதில் நியாயம் இருக்கிறது. இது அப்படிப்பட்டதில்லை. இது நான் கண்ணால் பார்த்தது, வயிற்றால் அறிந்தது.

சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே பழைய ரோட்டில் மேட்டுப்புதூர் ரயில்வே கேட் என்று ஒன்று இருந்தது. ஒரு நாளைக்கு இருபது தடவை மூடும், இருபது தடவை திறக்கும். மூடினால் உப்பு லாரியும் தீப்பெட்டி வேனும் டவுன் பஸ்ஸும் பள்ளிக்கூட ஆட்டோவும் வைக்கோல் வண்டியும் கல்யாணக் காரும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கும். அப்படி நிற்கிற கூட்டத்தை நம்பித்தான் நான் தகரப் பெட்டிக்கடை போட்டுச் சேவு விற்றேன், ராக்கம்மா கூடையில் வெள்ளரிக்காய் விற்றாள். பக்கத்திலேயே தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை தோண்டிக்கொண்டிருந்தார்கள். அது திறந்தால் கேட்டை நிரந்தரமாக மூடிவிடுவார்கள் என்று சொன்னார்கள், நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேட்கீப்பர் சோலைராஜ். கேட்டை ஒட்டின ஓட்டு வீட்டில் அவனும் அவன் பெண்சாதி மாரிக்கனியும் அவர்கள் பெண்பிள்ளை செண்பகவல்லியும் குடியிருந்தார்கள். செண்பகவல்லி என்பது ரிஜிஸ்தருக்கு. எங்களுக்கு அவள் செண்பா.

செண்பா ஆறு மாதம் வரை தாய்ப்பாலில் நன்றாகத்தான் இருந்தாள். ஆறு முடிந்து சோறு ஊட்டத் தொடங்கினார்கள், அன்றைக்குப் பிடித்தது மாரிக்கனிக்குச் சனி. பருப்பை மலர வேகவைத்துச் சோற்றோடு குழைத்து நெய் விட்டு ஊட்டினாள், பிள்ளை துப்பியது. கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டிக் காயவைத்துத் திரித்துச் சலித்து இரண்டு நாள் வேலையாகக் கூழ் காய்ச்சினாள், பிள்ளை அதை இரண்டு நொடியில் துப்பியது. சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்தாள், துப்பியது. இட்லியைப் பாலில் கரைத்தாள், முட்டையின் மஞ்சளை மட்டும் எடுத்தாள், வாழைப்பழத்தைக் கரண்டியால் சுரண்டினாள், துப்பியது, துப்பியது, துப்பியது. பிறகு துப்புவதற்கும் சலித்துப்போய், கிண்ணத்தைப் பார்த்ததும் உதட்டை இறுக்கி மூடிக்கொள்ள ஆரம்பித்தது. அதற்குப் பிறகு மாரிக்கனி சேலையில் எப்போதும் ஒரு பக்கம் பருப்பும் ஒரு பக்கம் கூழும் காய்ந்திருக்கும். அவள் சூடாக ஒரு வாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பிள்ளை தின்னாமல் விட்டது ஆறிப்போய், ஆறினது காய்ந்துபோய், அதைத்தான் நின்றபடியே வழித்துத் தின்பாள்.

கேட்டில் நிற்கிறவர்கள் சும்மா நிற்பார்களா? ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். "பிஸ்கட்டைப் பாலில் நனைச்சுக் குடு தாயி, லபக்குன்னு முழுங்கும்" என்றார் ஒரு உப்பு லாரி டிரைவர். "செல்போனைக் காட்டு, வாய் தன்னால திறக்கும்" என்றது ஒரு கல்யாணக் கார். "மூக்கைப் பிடி" என்று ஒரு பாவி சொன்னான், அவனை ராக்கம்மா வெள்ளரிக்காயாலேயே அடித்தாள்.

நானும் என் பங்குக்கு, "ஒரு நாளைக்கு பிஸ்கட் குடுத்தா என்ன குடிமுழுகிப் போகுது?" என்று கேட்டேன்.

"பிஸ்கட்டுக்குப் பழகுன நாக்கு கீரைக்குத் திரும்பாது பெரியப்பா" என்றாள் மாரிக்கனி. "செல்போனைப் பார்த்துட்டுத் தின்னா என்னத்தைத் தின்னோம்னே தெரியாது. அவ பாத்துத் திங்கணும். ருசிச்சுத் திங்கணும். எனக்கு அவசரம் இல்ல."

அவசரம் இல்லை என்று சொன்னபோது அவள் கண்ணுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்குக் கறுத்திருந்தது. நான் எழுபத்தோரு வயது ஆள், பெரிய பெரிய சண்டியர்களைப் பார்த்தவன். அந்த மாதிரி ஒரு நெஞ்சுரத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை.

எட்டாவது மாதத்தில் ஒரு நாள், காலைப் பாசஞ்சருக்குக் கேட் மூடியது. மாரிக்கனி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் கூழ்க் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். செண்பாவின் உதடு வழக்கம்போல இறுகியிருந்தது. என் கடைக் கூரையில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. தினமும் என் சேவைத் திருடுகிற அதே காக்கா. மாரிக்கனி எல்லாத் தாயும் சொல்கிறதைத்தான் சொன்னாள்.

"இந்தா, இந்த வாய் காக்காவுக்கு."

செண்பா காக்காவைப் பார்த்தாள். கூழைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். ஒரு வாய் முழுசாக உள்ளே போனது, வெளியே வரவில்லை. சோலைராஜ் பச்சைக் கொடியைத் தலைகீழாகப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான், பாசஞ்சர் அவனைக் கடந்து போய்விட்டது. கூரையில் காக்கா ஒரு தடவை தொண்டையைக் கனைத்து, கண்ணைச் செருகி, இறகைத் தளர்த்தி உட்கார்ந்தது. அன்றிலிருந்து அது என் சேவைத் தொடவில்லை.

"இது பஸ் மாமாவுக்கு" என்றாள் மாரிக்கனி, விட்டால் போச்சு என்கிற அவசரத்தில்.

செண்பா அதையும் வாங்கிக்கொண்டாள். கேட்டுக்கு முன்னால் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த டிரைவர் காசிப்பாண்டி, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத ஆள், ஒரு நீளமான ஏப்பம் விட்டார். கதவைத் திறந்து இறங்கி, உதட்டைச் சப்பிக்கொண்டே நேராக மாரிக்கனியிடம் வந்தார்.

"ஏம்மா, கூழுல கருப்பட்டி போட்டியா?"

"ஒரு துளிதாண்ணே."

"அதையும் போடாத. எனக்கு சுகர் இருக்கு."

"சரிண்ணே" என்றாள் மாரிக்கனி. காசிப்பாண்டி திரும்பிப் போய் வண்டியை எடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை, யாரும் சூடம் கொளுத்தவில்லை. யார் பெயரைச் சொல்லி ஊட்டினாலும் செண்பா வாங்கிக்கொள்வாள், யார் பெயரைச் சொன்னோமோ அவருக்கு வயிறு நிறையும் என்பது இரண்டே நாளில், மழை வந்தால் ரோடு நனையும் என்கிற மாதிரி எல்லோருக்கும் தெரிந்த சங்கதி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு மேட்டுப்புதூர் கேட்டில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிள்ளையின் வாய் சின்னது, ஆனால் அதில் போகிற ஒரு வாய் ஒரு ஆளுக்குச் சாயங்காலம் வரை தாங்கும். கேட் எப்போது மூடும் என்று முன்னெல்லாம் சபித்துக்கொண்டு வந்தவர்கள் இப்போது கேட் மூடுகிற நேரம் பார்த்து வந்தார்கள். காசிப்பாண்டி கேட்டில் மாட்டுவதற்காகவே மூன்று கிலோமீட்டருக்கு முன்னாலிருந்து பஸ்ஸை உருட்டினார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் முதலில் அவரைத் திட்டினார்கள், பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தாயி, மூணாவது சீட்டு நீலச்சேலை அத்தைக்குன்னு ஒரு வாய் சொல்லு" என்று கேட்டார்கள். பிள்ளை மிரளும் என்று யாரும் ஹாரன் அடிப்பதில்லை. சும்மா வாங்கக் கூடாது என்று ஒருவர் முருங்கைக்கீரை கொண்டுவந்தார், ஒருவர் நாட்டுக்கோழி முட்டை, ஒருவர் எட்டயபுரத்திலிருந்து பாசிப்பயறு. வயிறு நிறைந்த வாயால் குறையும் சொன்னார்கள்: இன்றைக்கு உப்பு தூக்கல், நேற்றுச் சோறு இன்னும் குழைந்திருக்கலாம். மாரிக்கனி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். எட்டு மாதப் பிள்ளை ஒரு நாளைக்கு நாற்பது வாய் தின்கிறது! அவள் முகத்தைப் பார்த்தால், அந்த ரயில் பாதையையே அவள்தான் போட்ட மாதிரி இருந்தது.

நான் சும்மா இருப்பேனா? என் பெண்சாதி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. நானே பொங்கி நானே தின்கிற சோற்றில் எனக்கு ஒரு பிடிப்பும் கிடையாது. மாரிக்கனி குழைத்த பருப்புச் சாதத்தில் பூண்டும் சீரகமும் நெய்யும் ஒன்றாக வந்து என் வயிற்றில் இறங்கும்போது, யாரோ என்னை மடியில் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு நாலு தடவை என் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

ராக்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏ பெருசு, அது பிள்ளை வாயா, உன் வீட்டு நெல்லுக் குதிரா? எத்தனை தடவைதான் கொட்டுவ?"

"உனக்கு ஏன் எரியுது? நீயும்தான ரெண்டு வாய் வாங்குற?"

"நான் கைகால் விளங்காம வெயில்ல நிக்கிறவ. நீ சேவைக் கொறிச்சுக்கிட்டே அதையும் வாங்குறியே!"

அங்கன்வாடி டீச்சர் பெயர் கிரேஸ். மாதாமாதம் பிள்ளைகளை எடை போட்டு அட்டையில் புள்ளி வைப்பது அவர் வேலை. அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை இருக்கும். செண்பா எட்டாவது மாதத்தில் ஏழு கிலோ, பச்சையில் இருந்தாள். ஒன்பதாவது மாதமும் ஏழு. பத்தாவது மாதமும் ஏழு. பல் முளைக்கிற நேரம், அடுத்த மாதம் ஏறும் என்று டீச்சர் சொன்னார். பதினொன்றிலும் ஏறவில்லை, பன்னிரண்டிலும் ஏறவில்லை.

காரணத்தை முதலில் கண்டுபிடித்தவன் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான், ஆனால் சத்தியம் பண்ணிவிட்டேனே. ஒரு நாள் மாரிக்கனி பிள்ளையைக் குளிப்பாட்டித் துவட்டும்போது பார்த்தேன்: இடுப்பில் கட்டின அரைஞாண் கயிற்றின் முடிச்சு, ஐந்து மாதத்துக்கு முன்னால் போட்ட இடத்திலேயே இருந்தது. வளருகிற பிள்ளைக்கு அதை அவிழ்த்து அவிழ்த்துத் தளர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். செண்பாவுக்கு அது தொளதொள என்று தொங்கியது. அதே நேரம் என் கூரையில் அந்தக் காக்கா ஒரு சேவல் அளவுக்குப் பெருத்து, பறக்க முடியாமல் நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. விளங்கியும் எட்டு நாள் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், இன்றைக்கு ஒரு வாய் வாங்கிக்கொள்ளலாம் என்று எட்டு நாள். எட்டு நாளும் அந்தப் பருப்புச் சாதம் அவ்வளவு ருசியாக இருந்தது.

பதின்மூன்றாவது மாதம் கிரேஸ் டீச்சர் புள்ளி வைத்தார். மஞ்சளில் விழுந்தது.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. பிள்ளைக்கு என்னதான் குடுக்கிறீங்க?"

மாரிக்கனி ஒன்று விடாமல் சொன்னாள். பருப்பு, நெய், கீரை, முட்டை, பயறு, டீச்சர் தந்த சத்துமாவு. நாற்பது வாய்.

"இதுக்கு மேல இறங்கிச் சிவப்புக்குப் போச்சுன்னா பெரியாஸ்பத்திரியிலதான் சேக்கணும்" என்றார் டீச்சர். "நான் ஒரு வேளை வந்து பக்கத்துல இருந்து பாக்கட்டுமா?"

அன்று மத்தியானம் கூட்ஸுக்குக் கேட் மூடியபோது டீச்சர் வந்து வாசல்படியில் உட்கார்ந்தார். இது லாரி மாமாவுக்கு, இது ஆட்டோ அண்ணனுக்கு, இது வெள்ளரிக்கா அத்தைக்கு. செண்பா தின்னத் தின்ன வரிசையில் ஏப்பம் கேட்டது, முன்னாலிருந்து பின்னால் வரைக்கும், ஒவ்வொரு வண்டியாக. டீச்சர் எழுந்து வரிசையை எட்டிப் பார்த்தார். மாரிக்கனி சட்டென்று நிறுத்தினாள். கிண்ணத்தைப் பார்த்தாள், பிள்ளையின் இடுப்புக் கயிற்றைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு கேட் கம்பிக்கு முன்னால் போய் நின்றாள்.

"எம்பிள்ளை அஞ்சு மாசமாத் தின்னதெல்லாம் எங்க?"

லாரி டிரைவர் துண்டை எடுத்து மெதுவாகத் தொந்தியை மூடினார். பஸ்ஸில் நீலச்சேலை அத்தை மடியில் இருந்த பையை வயிற்றுக்கு நேராக நகர்த்தினாள். நான் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து, கீழே விழாத ஒரு சேவைத் தேடினேன்.

"திருப்பித் தந்துடுறோம்மா" என்றார் காசிப்பாண்டி.

"எப்படிண்ணே தருவீங்க? வாந்தி எடுத்தா?"

கூட்ஸ் வண்டி அறுபது பெட்டி. அது போகிற வரைக்கும் நாங்கள் தலைகுனிந்து நின்றோம்.

மாரிக்கனி அன்று சாயங்காலமே, "இந்த வாய் செண்பாவுக்கு" என்று சொல்லிப் பார்த்தாள். செண்பாவின் உதடு இறுகிக்கொண்டது. பெயரே சொல்லாமல் நீட்டினாள். யாருக்கு என்பது போல பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தது, திறக்கவில்லை. பழையபடி காக்கா, பஸ் என்று சொன்னால் திறக்கும், ஆனால் சொல்வதற்கு மாரிக்கனிக்கு நாக்கு வரவில்லை. இரண்டு நாள் தாய்ப்பாலிலேயே ஓடியது. "என் கேட்டுக்காவது சாவி இருக்கு" என்று சோலைராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

மூன்றாம் நாள் காலைப் பாசஞ்சருக்குக் கேட் மூடியது. காசிப்பாண்டி பஸ்ஸை நிறுத்தி இறங்கினார். கையில் தூக்குச்சட்டி. மாரிக்கனிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பருப்புச் சோற்றை ஒரு உருண்டை பிடித்துத் தூக்கி, "இந்த வாய் செண்பாவுக்கு" என்று சொல்லித் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

செண்பா ஏப்பம் விட்டாள்.

அதற்குப் பிறகு வரிசையில் ஒருவர் பாக்கியில்லை. டிபன்பாக்ஸைத் திறந்தார்கள், பொட்டலத்தைப் பிரித்தார்கள், கல்யாணக் காரில் மாப்பிள்ளை வீட்டுப் பலகாரத்தையே அவிழ்த்தார்கள். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? ஆனால் ஒரு ஆள் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயை அவள் பெயரில் குடித்தார், பிள்ளை இருட்டுகிற வரை உட்காராமல் தவழ்ந்து தவழ்ந்து தண்டவாளம் வரை போகப் பார்த்தது. ஒரு ஆள் பரோட்டா சால்னா தின்றார், பிள்ளைக்கு வயிறு முரசு மாதிரி உப்பிவிட்டது. மறுநாள் கிரேஸ் டீச்சர் வந்தார். அவர் ஐந்தடிக்கும் குறைவு. அன்று அவர் போட்ட சத்தத்தில் பன்னிரண்டு சக்கர லாரி பின்னால் போனது.

"ஒரு வயசுப் பிள்ளை வயிறு அவ கைமுட்டி அளவு! நாப்பது பேரும் ஒரே வேளையில அள்ளிப் போட்டா எங்க போகும்? ஒரு வேளைக்குப் பத்துப் பேர், ஆளுக்கு ஒரு வாய். முறை வச்சுக்குங்க. பருப்பு ஒருத்தர், கீரை ஒருத்தர், முட்டை ஒருத்தர், பழம் ஒருத்தர். டீ, காபி, மிட்டாய், பொரிச்சது, பாக்கெட்டுல வர்றது எதையும் அவ பேருல தொடக்கூடாது. அவ போதும்னு மூஞ்சியைத் திருப்புனா வாயில இருக்கிறதைக் கூட உங்க கணக்குல முழுங்கணும். புரியுதா?"

"புரியுது டீச்சர்" என்றது மொத்த ரோடும்.

கேட்டுக்கு இரு பக்கத்திலும் முறை எழுதித் தொங்கவிட்டோம். தூத்துக்குடியிலிருந்து உப்பு ஏற்றி வருகிற முரட்டு மனுஷர்கள், பிறந்ததிலிருந்து கீரையைக் கண்ணால் பார்க்காதவர்கள், முருங்கைக்கீரைப் பொரியலை ஒரு வாய் மென்று கண்ணில் நீர் வர விழுங்கினார்கள். தீப்பெட்டி வேன்காரர் வெறும் வயிற்றில் பீடி குடிப்பதை விட்டார், புகை பிள்ளைக்குப் போய்விடுமோ என்று பயம். காசிப்பாண்டிக்கு சுகர் இறங்கியது. ராக்கம்மா தன் முறை வருகிற நாளில் பல் துலக்கி, முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டுதான் வாழைப்பழத்தை உரிப்பாள். தனக்காக ஒரு நாளும் திருந்தாத ஆட்கள் அந்த ஏழு கிலோவுக்காகத் திருந்தினதை நான் கண்ணால் பார்த்தேன். பதினாலாவது மாதம் ஏழேகால். அதற்கு அடுத்த மாதம் ஏழே முக்கால். அரைஞாண் கயிற்றை மாரிக்கனி அவிழ்த்துக் கட்டின அன்றைக்கு சோலைராஜ் இரண்டு பக்கமும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தான், அதைக்கூட எல்லோரும் கவனமாக அவரவர் பெயரில் தின்றோம்.

ஆனால் மாரிக்கனி சிரிக்கவில்லை.

"என்னம்மா, பிள்ளை தேறிடுச்சே?" என்று கேட்டேன்.

"வயிறு தேறிடுச்சு பெரியப்பா. வாய்?" என்றாள். "ரெண்டு மாசமா அவ ஒண்ணையும் மெல்லலை. இப்படியே இருந்தா மெல்லவே மறந்துருவா. தை ஒண்ணாந்தேதி சுரங்கப்பாதையைத் திறக்குறாங்களாம். கேட்டை எடுத்துடுவாங்க. அப்புறம் யார் இங்க நிப்பா? பத்தே நொடியில கீழ பூந்து போயிருவீங்க. யாரைக் கூப்பிட்டு நான் ஒரு வாய் திங்கச் சொல்லுவேன்?"

அப்போதுதான் சுரங்கப்பாதையை நாங்கள் திரும்பிப் பார்த்தோம். சுவருக்கு வெள்ளை அடித்து முடித்திருந்தார்கள்.

மார்கழி கடைசி நாள், மத்தியானக் கூட்ஸ். மேட்டுப்புதூர் கேட் கடைசியாக மூடுகிற கூட்ஸ். அந்த ரோட்டில் வேலையே இல்லாதவர்கள் கூட வந்திருந்தார்கள், எட்டயபுரத்துப் பாசிப்பயறுக்காரர் பஸ் ஏறி வந்திருந்தார். எல்லோர் கையிலும் சாப்பாடு. முறையெல்லாம் இன்றைக்கு வேண்டாம், ஆளுக்கு ஒரு வாய் பிள்ளைக்குப் போட்டு வழியனுப்பிவிடுவோம் என்பது எண்ணம்.

மாரிக்கனி வாசலுக்கு வந்தாள். ஒரு கையில் தட்டு, அதில் பருப்புச் சோறு, கீரை, ஒரு முட்டை. மறு கையில் பிள்ளை. பிள்ளையை இறக்கி நிறுத்தினாள். செண்பா அப்போது சுவரைப் பிடித்து நடப்பாள்.

"இன்னைக்கு யாரும் யாருக்காகவும் திங்க வேண்டாம்" என்றாள். "அவங்கவங்களுக்குத் தின்னுங்க. அவளைப் பாக்காதீங்க."

சொல்லிவிட்டு, பிள்ளைக்கு முதுகைக் காட்டிப் படியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து, ஆவி பறக்கிற சோற்றைப் பிசைந்து தன் வாயில் போட்டாள். ஒன்பது மாதத்தில் அவள் சூடாகத் தின்ற முதல் வாய் அதுதான்.

நாங்களும் தின்றோம். லாரிக்காரர்கள் பானெட்டில் வைத்துத் தின்றார்கள், பஸ்ஸில் மடியில் வைத்துத் தின்றார்கள், ரோட்டோரம் இலை விரித்துத் தின்றார்கள். செண்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் வாய் அசைவதைப் பார்த்தாள். தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ஊர் பூராவும் தின்றும் அவள் வயிற்றுக்குள் ஒன்றும் விழவில்லை. உதடு பிதுங்கியது. அழத் தொடங்கினாள்.

அந்த அழுகையை எப்படிச் சொல்வேன்? காசிப்பாண்டி கையில் இருந்த உருண்டையைத் திரும்பத் தூக்குச்சட்டியில் போட்டார். ராக்கம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். என்னால் தாங்க முடியவில்லை, "இந்த வாய்..." என்று ஆரம்பித்தேன்.

"பெரியப்பா!" மாரிக்கனி திரும்பாமலேயே சொன்னாள். "வாயைத் திறந்தீங்கன்னா உங்க எண்ணெய்ச் சட்டியைக் கிணத்துல போடுவேன்."

கண்ணீர் அவள் தட்டில் சொட்டியது. அவள் பிசைந்து தின்றுகொண்டே இருந்தாள். மெதுவாக, ருசித்து, ஒவ்வொரு வாயாக. கூட்ஸ் வந்தது, தடதடவென்று போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் அழுகை நின்றதா, கேட்கவில்லையா என்று தெரியவில்லை. கடைசிப் பெட்டி போனபோது பார்த்தேன், செண்பா சுவரை விட்டுவிட்டாள். ஒரு எட்டு. இன்னொரு எட்டு. மாரிக்கனியின் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். தட்டுக்குள் கையை விட்டாள், முழங்கை வரைக்கும். அள்ளினாள். பாதி மூக்கில், பாதி காதில், மீதி வாயில். மென்றாள்.

மென்றுவிட்டுச் சொன்னாள்: "எனக்கு."

அவள் பேசின முதல் சொல் அது. காக்காவுக்கு, மாமாவுக்கு, அத்தைக்கு என்று மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவளாகவே கண்டுபிடித்த ஆள்.

யாரும் பார்க்கவில்லை. அதாவது எல்லோரும் பார்க்காத மாதிரி இருந்தோம். காசிப்பாண்டி வானத்தைப் பார்த்தார், உப்பு லாரிக்காரர் டயரைப் பார்த்தார், கிரேஸ் டீச்சர் அட்டையைத் தலைகீழாக வைத்துக்கொண்டு படித்தார். சோலைராஜ் கேட்டைத் தூக்கினான். சட்டப்படி தூக்கித்தானே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் அறுபது எழுபது வண்டி. ஒன்றும் கிளம்பவில்லை. செண்பா இரண்டாவது கை அள்ளினாள், மூன்றாவது கை அள்ளினாள், ஆறாவது கைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாரிக்கனி மேற்கொண்டு ஒரு வாய் கூட நீட்டவில்லை. "போதுமா? சரி" என்று மிச்சத்தைத் தானே தின்றாள். அதற்குப் பிறகுதான் முதல் வண்டி கிளம்பியது.

இப்போது அங்கே கேட் இல்லை. எல்லோரும் சுரங்கப்பாதை வழியாகக் கீழே போகிறார்கள். காசிப்பாண்டி மட்டும் உள்ளே நுழைகிறபோது ஒரு தடவை ஹாரன் அடிப்பார். என் கடை மேலேயே இருக்கிறது. சோலைராஜை அடுத்த ஸ்டேஷனுக்கு மாற்றிவிட்டாலும் குடும்பம் இங்கேதான். செண்பாவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. தன் தட்டில் தானே போட்டுத் தின்கிறாள், கீரையை முதலில் முடிக்கிறாள், போதும் என்றால் போதும்தான். அட்டையில் பச்சைப் பட்டைக்கு நட்டநடுவில் இருக்கிறாள். அவ்வளவும் மாரிக்கனியின் கை. எனக்குத் தெரிந்த சாமி எதுவும் அத்தனை பொறுமையாக ஒரு காரியத்தைச் செய்ததில்லை.

அவளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் இன்றைக்கும் விளங்கவில்லை. பிள்ளைக்கு அவள் காராச்சேவைக் கண்ணில் காட்டினதே கிடையாது. இருந்தும் என் கடைப் பக்கம் வந்தால் செண்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறாள். போன வாரம் கல்லாவுக்கு முன்னால் வந்து, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "தாத்தா, முன்னாடி மாதிரி இல்ல. பூண்டு பத்தல" என்கிறாள்.

"இவளுக்கு எப்படி இந்த ருசி தெரியும் பெரியப்பா?" என்று மாரிக்கனி கேட்டாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

வேறொன்றுமில்லை. பத்துப் பேர் முறை வைத்துத் தின்ற அந்த இரண்டு மாதத்தில் ஒரு நாள், நல்ல மழை, சட்டியிலிருந்து எடுத்த சேவு சூடாக இருந்தது. கீரை என் முறை. டீச்சர் பக்கத்தில் இல்லை. ஒரே ஒரு பிடிதான். மென்றுகொண்டே, பழக்க தோஷத்தில், "இது செண்பாவுக்கு" என்று சொல்லிவிட்டேன். கேட் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு.

இந்தக் கதையை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், பிள்ளை தின்னவில்லை என்று கிண்ணத்தோடு நிற்கிற எந்தத் தாயிடமும் சொல்லுங்கள். அந்த எட்டு நாளையும் சொல்லுங்கள், அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் அந்த ஒரு பிடிச் சேவைச் சொல்லும்போது யார் சொன்னது என்று மாரிக்கனி கேட்டால், வெள்ளரிக்காய் விற்கிற ராக்கம்மா சொன்னாள் என்று சொல்லிவிடுங்கள். என்னைச் சொல்லிவிடாதீர்கள். கிணறு பக்கத்தில்தான் இருக்கிறது, எனக்கு இருப்பது ஒரே ஒரு எண்ணெய்ச் சட்டி.